ஆமைகளுக்கு ஒரு மேலாப்பு

இந்த மாலைக்கு மகுடமாய், இந்த மேடைக்கு மையமாய், இருக்கிற நாற்காலிகளுக்குள் கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில் வீற்றிருக்கும் எங்கள் சங்கத்தின் தலைவர், பெருமதிப்பிற்குரிய இரத்தினவேல் அண்ணை அவர்களே! அவர் சொல்வதற்கெல்லாம் தலையசைத்துத் தலையசைத்துக் கழுத்து நொந்துபோயிருக்கும் செயற்குழுப் பெரியோர்களே! மிசிசாகாவிலிருந்து காரோடி வந்தும், பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கு முன்பாக முன்வரிசையைப் பிடித்துவிட்ட ஆற்றல்மிக்க அங்கிள்மாரே! பிள்ளை ஆடி முடிந்ததும் அஜக்ஸில் உள்ள வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று ஜக்கற்றைக் கழற்றாமலே இருக்கும் பெற்றோர்களே! சமையலறையில் றோல்ஸ் பொரித்தபடி கதவிடுக்கால் எட்டிப் பார்க்கும் அன்னையர்களே! நான் பேசுவதில் பாதி விளங்காமலே முழுவதற்கும் கைதட்டப்போகும் இளைய தலைமுறையே! உங்கள் எல்லோருக்கும், இச்சங்கத்தின் சுற்றுலாப் பொறுப்பாளர் என்ற பதவியில் இன்றிரவு வரையாவது இருக்கும் றோசலினின் பணிவான வணக்கம்!

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘இவ்வாண்டின் சாதனைகள்’. நல்ல தலைப்பு. ஆனால் சாதனைகள் அத்தனையையும் தலைவர் அவர்களே தமது தலைமையுரையில் முக்கால் மணி நேரம் எடுத்துச் சொல்லிவிட்டார். எனக்கென்று மிச்சமிருப்பது ஒரு வேதனை மட்டுமே. அதைப் பேசுகிறேன். போன சனிக்கிழமை நாங்கள் இரண்டு பஸ் பிடித்துப் போய்வந்த சரணாலயத்தைப் பற்றிப் பேசுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை. இந்த மேடையை விட்டு நான் இறங்குவதற்குள் எனக்கு நாலு பேர் வேண்டும். நாளைக் காலை என்னோடு அதே இடத்துக்குத் திரும்பிவர நாலு பேர். ஏன், எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

ஸ்ரௌவ்வில்லுக்கும் வடக்கே, புதுவீட்டு நிலங்களெல்லாம் முடிந்துபோன பிறகு, ஒரு குளம். குளத்தைச் சுற்றி நாணல். நாணலைச் சுற்றி மணல். மணலைச் சுற்றி வேலி. என்ன வேலி, எப்பேர்ப்பட்ட வேலி! ஆளுயரத்தையும் தாண்டிய கம்பிவலை. தோண்டி நுழைபவர் தோற்றுப்போக, நிலத்துக்குக் கீழேயும் புதைத்திருக்கிறார்கள். ஏறி நுழைபவர் இடறி விழ, மேல்விளிம்பை வெளிப்பக்கம் வளைத்திருக்கிறார்கள். யாருக்கு இந்தத் தடுப்பு? நரிக்கு, ஸ்கங்குக்கு, ஊர்சுற்றும் வீட்டுப் பூனைக்கு, எல்லோருக்கும் மேலாக றக்கூனுக்கு! றக்கூன் யாரென்று ஸ்காபரோவாசிகளுக்கு நான் விளக்கவேண்டுமா? குப்பை எடுக்கும் நாளுக்கு முதல்நாள் இரவு உங்கள் வாளியைத் திறந்து, நீங்கள் அந்தக் கிழமை என்னென்ன சமைத்தீர்கள் என்று தெருவுக்கே அறிவிப்பவர் அவர்தான். அவருக்கு ஆமை முட்டை என்றால் உயிர். ஒரு தாய் ஆமை இடம் தேடி, மணலைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போக, அவர் பின்னாலேயே வந்து அத்தனையையும் முடித்துவிட்டுப் போவார். அதனால்தான் இந்த வேலி. கடித்துத் தின்பவர் எவருமே உள்ளே இல்லாத ஓர் இடம். முட்டை குஞ்சாகும் வரைக்காவது உயிர் பயமில்லாத ஓர் இடம்.

அப்படிப்பட்ட இடத்துக்குப் போய் இறங்கிய எங்கள் மக்கள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"உள்ளுக்கை என்ன மிருகம் நிக்குது?"

அங்கே பொறுப்பாக இருப்பவர் கிளடிஸ் என்ற வெள்ளைக்கார அம்மா. அவர் ஆமை என்றார். நான் தமிழில் சொன்னேன். "வேறை?" தவளை என்றார். "வேறை?" நிலத்தில் கூடுகட்டும் குருவிகள் என்றார். அகஸ்ரின் அண்ணை, நீங்கள் கமெராவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"றோசலின், உது என்ன சரணாலயம்? ஒரு சிங்கத்தைக் கூடக் காணேல்லை! உவங்கள் எங்களைப் பேய்க்காட்டுறாங்கள்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். செயற்குழுவும் அதையேதான் தீர்மானமாக எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு சங்கம் அந்தப் பக்கம் போகாது, காருக்குள் இருந்தபடியே சிங்கம் பார்க்கிற இடத்துக்குப் போகும். ஐயாமாரே, அம்மாமாரே, நான் கேட்கிறேன். சிங்கம் பார்ப்பதற்காகவா நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம்? கொடியிலே அதைப் பார்த்ததனால் அல்லவா வந்தோம்!

...போதும், போதும். கைதட்டலை மிச்சம் பிடியுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த வாசலை நினைத்துப் பாருங்கள். ஒன்றல்ல, இரண்டு கதவு. முதற் கதவைப் பூட்டிவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். நடுவில் ஒரு சின்னக் கம்பிக்கூடு. அதற்குள் நின்று சப்பாத்தின் அடியைத் துடைக்க வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும், சாப்பாட்டை வெளியிலேயே விட வேண்டும். உள்ளே எலிகூடப் போய்விடக் கூடாது என்று அவ்வளவு கவனம். எங்கள் பெரியவர் ஒருவர், பெயர் வேண்டாம், அங்கே நின்று கொதித்தார்: "எயாப்போட்டிலை அகதி எண்டு கையைத் தூக்கின நாளிலை கூட என்னை உப்பிடிச் செக் பண்ணேல்லை!" அதன் பிறகு, அந்த ஆத்திரத்தில், இரண்டு கதவையும் ஒரே நேரத்தில் திறக்க முயன்றார். கிளடிஸ் அம்மா விடவில்லை. அந்த அம்மாவுக்கு எங்கள் பெரியவர்களைத் தெரியாது.

இனி, சாப்பாட்டுக்கு வருவோம். சங்கத்தின் எந்த வரலாறும் சாப்பாட்டுக்கு வராமல் போகாது. வேலிக்கு வெளியே, புல்வெளியில், மரத்தடியில் பந்தி. இரண்டு மரங்களுக்கு நடுவே எங்கள் பதாகை. கட்டிலுக்கு விரிக்கலாம், அவ்வளவு பெரிய துணி. ‘தலைவர் இரத்தினவேல் அவர்களின் தலைமையில்’ என்று தொலைவிலிருந்தே வாசிக்கலாம். கீழே சிறிய எழுத்தில் சங்கத்தின் பெயரும் இருந்தது.

அன்று புரட்டாதிச் சனி. நான் கத்தோலிக்கப் பெண். ஆனாலும் எங்கள் அயலில் இருந்தவர்கள் இந்த விரதம் பிடித்ததைப் பார்த்தே வளர்ந்தவள். சனிபகவானை நினைத்து விரதமிருப்பவர்கள் சமைத்ததில் முதற்பிடியைக் காகத்துக்கு வைப்பார்கள். காகம் அவருடைய வாகனம். அது வந்து வாய் வைத்த பிறகுதான் தாங்கள் சாப்பிடுவார்கள். தலைவர் அவர்களும் அன்று விரதம்தான். ஆகவேதான் அருள்மலர் அக்காவின் ஆட்டிறைச்சிக் கறியை, எல்லோரும் பார்க்கும்படி அல்லாமல், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று சாப்பிட்டார். தலைவரே, கோபிக்க வேண்டாம். பக்தியை மறைவாகச் செய்பவர் என்று உங்களைப் புகழ்கிறேன்.

உண்மையாகவே விரதமிருந்தவர் ஒருவர். மங்கையற்கரசி அக்கா. அதோ, கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். அக்கா, எழும்பிப் போய்விடாதேங்கோ, இன்னும் கொஞ்ச நேரம் எனக்காக இருங்கோ.

அவருடைய மகன் பிரியந்தனைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். போன ஆண்டு கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நடந்ததே, அந்தச் சனத்துக்குள் அவனும் நடந்தான். பாலம் தாண்டியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு கண்டவர்கள் இல்லை. அவனுக்காகத்தான் இந்த விரதம். பதினோராம் மாடி பல்கனியில் அவர் வைக்கும் சோற்றுக்குப் புறா வரும், அணில் வரும், கட்டடத்துச் சுப்பரின்ரென்டன் வந்து சத்தம் போடுவான். காகம் மட்டும் வராது. அணில் நன்றாகத்தான் சாப்பிடும். ஆனால் சனிபகவான் அணிலில் ஏறி வருவதில்லையே!

அன்று அந்தப் புல்வெளியின் ஓரத்தில், வேலிக்கு அருகில், ஈயத்தாள் தட்டில் எள்ளுச்சோறு வைத்துவிட்டு அவர் கூப்பிட்டார். கா, கா, வா ராசா, வா. தலைவர் சிரித்தார். "தமிழிலை கூப்பிட்டால் கனடாக் காகத்துக்கு விளங்குமோ?" என்று கேட்டார். விளங்கியது! பக்கத்துச் சோள வயலிலிருந்து ஒன்று வந்தது. இரண்டு வந்தது. பிறகு வயலே எழும்பி வந்ததுபோல வந்தன. மங்கையக்காவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். கனடாவுக்கு வந்த பிறகு அந்த மனிசி சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான்.

ஆனால் காகங்கள் ஏன் அவ்வளவு வந்தன? ஒரு தட்டுச் சோற்றுக்கா? மக்களே, மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அவர் ஒரு தட்டு வைத்தார். அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் என்ன செய்தோம்? குப்பைத்தொட்டி வரை நடக்கப் பஞ்சிப்பட்டு, மிஞ்சிய புரியாணியையும், கடித்த றோல்ஸையும், சூப்பிய எலும்பையும் அதே வேலியோரம் கொட்டினோம்! காகத்துக்குப் போடுகிறோம் என்று புண்ணியமும் தேடிக்கொண்டோம்! மரத்துக்குப் பின்னாலிருந்தும் எலும்புகள் பறந்து வந்தன. எறிந்த கையை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக யாரும் சொல்லவும் வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் வேலிக்கு உள்ளே மணல் அசைந்தது.

குளக்கரையில், வேலிக்கு மிக அருகில் இருந்த ஒரு குழியிலிருந்து ஆமைக்குஞ்சுகள் வெளியே வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் ஒரு டொலர் நாணயக் குற்றியளவுதான். ஓடு இன்னும் இறுகாத குஞ்சுகள். அவை மணலில் இழுபட்டு இழுபட்டுத் தண்ணீரை நோக்கிப் போக வேண்டும். நரி இல்லை, பூனை இல்லை, றக்கூன் இல்லை. எல்லாவற்றையும் தடுத்த வேலிக்கு ஒன்று மட்டும் இல்லை. கூரை இல்லை. காகங்கள் சோற்றை ஒருமுறை பார்த்தன, உள்ளே ஒருமுறை பார்த்தன. சோற்றை விட்டன. முதலாவது காகம் ஒரு குஞ்சைக் கொத்திக்கொண்டு மேலே போனது. எங்கள் சனம் என்ன செய்தது? "ஐயோ" என்றது. அகஸ்ரின் அண்ணை கமெராவைத் திறந்தார். கடைசியில் அவருக்கு ஒரு காட்சி கிடைத்துவிட்டதல்லவா!

ஓடியவர் மங்கையக்கா. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீரோடு இருந்தவர் ஓடினார். முதற் கதவைத் திறந்தார். உள்ளே போனார். திரும்பி நின்று அந்தக் கதவைச் சரியாகப் பூட்டினார். உள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கிறது, அந்த நேரத்திலும் பூட்டினார்! பிறகுதான் இரண்டாவதைத் திறந்தார். குழிக்கு மேலே நின்று சேலைத் தலைப்பை விரித்தார். அது போதவில்லை. கையை வீசிக் காகத்தைக் கலைத்தார். புரட்டாதிச் சனியில், தான் வருந்தி அழைத்த காகத்தை, மாதக்கணக்காக ஏங்கிக் காத்திருந்த காகத்தை, தன் கையாலேயே கலைத்தார். "சூ, போ! போ!" என்று அழுதழுது கலைத்தார்.

மற்றது உங்களுக்குத் தெரியும். எனக்கு வேறு துணி எதுவும் கண்ணில் படவில்லை. தலைவரின் பதாகையை அவிழ்த்தேன். அருள்மலர் அக்கா ஒரு மூலை, கிளடிஸ் அம்மா ஒரு மூலை, நான் ஒரு மூலை, மங்கையக்கா ஒரு மூலை. சாமத்தியவீட்டில் பிடிக்கிறோம், கல்யாணத்தில் பிடிக்கிறோம், சாமி வீதியுலா வரும்போது பிடிக்கிறோம். மேலாப்புப் பிடிக்க எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டுமா? நாலு மூலையையும் உயர்த்திப் பிடித்தோம். கீழே ஆமைக்குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவை நகர நாங்களும் நகர்ந்தோம். கிளடிஸ் அம்மாவுக்கு இது என்ன சடங்கென்று தெரியாது. ஆனால் எங்களைவிட அழகாகப் பிடித்தார். தலைவரின் பெயர் வானத்தைப் பார்த்தபடி ஊர்வலம் போனது. காகங்கள் அதை வாசித்தன. ஒரு காகம் அதன்மேல் தன் கருத்தையும் விட்டுச் சென்றது.

சிலதைக் காகம் கொண்டுபோய்விட்டது. மிச்சமெல்லாம் தண்ணீரில் இறங்கின. அதுதான் நடந்தது.

பிறகு நடந்தது என்ன? தலைவர் அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். கிளடிஸ் அம்மாவிடம் ஆங்கிலத்தில், எங்கள் சமூகத்தின் சார்பில் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தார். தெரிவித்துவிட்டு விரலை நீட்டினார். "அது அந்தப் பொம்பிளை செய்த வேலை" என்றார். ஒருவராவது வாய் திறந்தோமா? எல்லோரும் அந்த விரல் போன பக்கமே பார்த்தோம். அன்று திரும்பி வந்த பஸ்ஸில் மங்கையக்காவுக்குப் பக்கத்துச் சீற் காலியாகவே வந்தது. செவ்வாய்க்கிழமை செயற்குழு கூடி இன்னொரு தீர்மானமும் எடுத்தது. இனிச் சங்கத்தின் சுற்றுலாக்களில் மங்கையற்கரசி அவர்களைச் சேர்ப்பதில்லை. எவ்வளவு சிக்கனமான தீர்மானம்! இரண்டு பஸ் சனம் செய்த பிழையை ஒரே ஆளில் முடித்துவிட்டார்கள்.

புதன்கிழமை கிளடிஸ் அம்மா எனக்குப் போன் எடுத்தார். நான் ஏச்சு வாங்கத் தயாராக நின்றேன். அவர் ஏசவில்லை. காகங்கள் இப்போது ஒவ்வொரு நாளும் வருகின்றன, இடம் பழகிவிட்டது என்றார். இன்னும் இரண்டு குழி இருக்கிறது, சனிக்கிழமை நல்ல வெயில் என்கிறார்கள், அன்றைக்கு வெளியே வரக்கூடும் என்றார். தன்னோடு வேலைக்கு நிற்பது ஒரே ஒருவர், அவருக்கும் கால் ஏலாது என்றார். பிறகு கேட்டார்: "அந்தத் துணி பிடித்த பெண்கள் வருவார்களா? முக்கியமாக, கதவைப் பூட்டிவிட்டு வந்த அந்தப் பெண்?"

நான் இதைத் தலைவரிடம் கொண்டு போனேன். அவர் சொன்னது: "றோசலின், எங்கடை சங்கம் ஆமைக்குக் குடை பிடிக்கிற சங்கமோ? சனம் சிரிக்கும்!" சனம்தானே, இதோ இருக்கிறது. சிரித்துக்கொண்டும் இருக்கிறது. நான் கேட்கிறேன், அவர் பயந்ததைவிட அதிகமாகவா சிரிக்கிறீர்கள்?

நேற்றுப் பின்னேரம் மங்கையக்கா வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதிதான் திறந்தார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அக்கா, அவ்வளவு காலம் காத்திருந்து வந்த காகத்தை ஏன் கலைச்சனீங்கள்?" அவர் சொன்னதை அவருடைய சொல்லாலேயே சொல்கிறேன். நான் அலங்கரித்தால் பாவம்.

"என்ரை விரதம் அண்டைக்கு முறிஞ்சு போச்சு, றோசலின். எனக்குத் தெரியும். ஆனால் நான் கடவுளிட்டைக் கேக்கிறது என்ன? என்ரை பிள்ளை எங்கையோ ஒரு வெளியிலை கிடந்தால், ஆரோ ஒருதர், தெரியாத மனிசராய் இருந்தாலும் பரவாயில்லை, அவனுக்கு மேலை ஒரு துணியைப் பிடிக்க வேணும் எண்டுதானே கேக்கிறன். அதைக் கேக்கிற நான், எனக்கு முன்னாலை நடக்கேக்கை கையைக் கட்டிக்கொண்டு நிக்கலாமோ?"

...மன்னிக்கவும். ஒரு நிமிடம். தண்ணீர் இருக்கிறதா? நன்றி.

அன்பு நெஞ்சங்களே! வேலி போட்டவர் எவர்? எங்களை அறியாதவர். காவல் நிற்பவர் எவர்? எங்களிடம் ஒன்றும் வாங்காதவர். காகத்தைக் கூப்பிட்டவர் எவர்? நாங்கள்! கொட்டியவர் எவர்? நாங்கள்! விரலை நீட்டியவர் எவர்? நாங்கள்! இப்போது போகமாட்டோம் என்பவரும் நாங்களா? சிங்கம் இல்லை என்று சலித்தோமே, தின்பவர் இல்லாத ஓர் இடம் உலகில் இருப்பதே அதிசயம் என்று எங்களுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? அந்த இடத்துக்குப் போவோம். வருடா வருடம் போவோம். கையை வீசிக்கொண்டு பார்த்துவிட்டு வர அல்ல, கையால் ஒன்றைப் பிடித்துவிட்டு வரப் போவோம். சாப்பாட்டைப் பெட்டிக்குள் வைத்திருப்போம், எலும்பை வீட்டுக்குக் கொண்டு வருவோம், சப்பாத்தைத் துடைப்போம், கதவைப் பூட்டுவோம். மங்கையக்காவை முன்னால் விட்டு, நாங்கள் பின்னால் போவோம்!

இப்போது கேட்கிறேன். மேலாப்புக்கு மூலை நாலு. நாளைக் காலை ஏழு மணிக்கு, இந்த மண்டபத்து வாசலில் என்னுடைய வான் நிற்கும். நான் வண்டி ஓட்ட வேண்டும், காகம் கலைக்க வேண்டும், ஆகவே என்னைக் கணக்கில் எடுக்க வேண்டாம். யார் வருகிறீர்கள்? கையை உயர்த்துங்கள்.

சமையலறைக் கதவில் ஒரு கை. மாவோடு இருக்கிறது, அருள்மலர் அக்கா, அடுப்பை நிறுத்திவிட்டு நில்லுங்கோ. ஒன்று. நடுவரிசையில்... அகஸ்ரின் அண்ணையா? கமெரா வீட்டில் இருக்கட்டும், இரண்டு கையும் தேவை. இரண்டு. வேறு? மூன்றாவது யார்?

கடைசி வரிசையில் எழும்பி நிற்கிறார். எல்லோரும் திரும்பிப் பாருங்கள். போன கிழமை பார்த்தது போலல்ல, நல்லபடியாகப் பாருங்கள். என்ன அக்கா சொல்கிறீர்கள்? பின்னால் இருந்து சொல்வது மேடைக்குக் கேட்கவில்லை... சரி. கேட்டது. "தீர்மானம் இருக்கே, என்னை விடுவினமோ?" என்று கேட்கிறார்.

செயற்குழுவே, பதில் சொல்லுங்கள். சபை காத்திருக்கிறது. தலையசைத்தே பழகிய தலைகளே, இன்று ஒருமுறை எங்களுக்காக அசையுங்கள்! ...அசைகின்றன. அசைந்துவிட்டன. எல்லோரும் கண்டீர்கள். அந்தத் தீர்மானம் செத்துப்போயிற்று. அக்கா, நீங்கள் மூன்று.

நாலாவது? ஒரு மூலை தொங்கினால் காகத்துக்கு அதுவே வாசல். ஒருவர் போதும். ஒரே ஒருவர்.

ஆகா! மேடையிலேயே ஒரு கை உயர்கிறது! எங்கள் தலைவரின் கை! என்ன அண்ணை? மணிக்கூட்டைக் காட்டுகிறீர்களா? நேரம் முடிந்துவிட்டது என்கிறீர்களா? அதெல்லாம் எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்தது உயர்ந்த கையை மட்டுமே. சபையும் பார்த்தது. நாலு! அண்ணை, தயவுசெய்து கையை இறக்க வேண்டாம், நாளைக்கும் அதே உயரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

இப்போது தட்டுங்கள், மிச்சம் பிடித்த கைதட்டல் முழுவதையும் தட்டுங்கள்!

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பொறுமையில்லாமல் கேட்ட சிறியோருக்கும், ஜக்கற்றோடு இருந்தும் எழும்பிப் போகாத பெற்றோருக்கும், தம்மையறியாமலே தொண்டுக்கு முன்வந்த தலைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வான் சரியாக ஏழு மணிக்கு வெளிக்கிடும். முன் சீற் மங்கையக்காவுக்கு. அனைவருக்கும் வணக்கம்!